நான்கு குரல்களுக்கு ஒரு திருப்பலி

(பொன்விழா ஆயத்தமாக, புனித செசிலியம்மாள் திருநாளன்று மாலை பங்குத் தந்தை ஆற்றிய உரை)



சென்ற வாரம் விழாக்குழுக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. நம் பாடற்குழுவில் இப்போது ஆட்கள் குறைவு; பலர் வேலை தேடி வெளியூர் போய்விட்டார்கள்; பொன்விழாத் திருப்பலிக்கு மேதகு ஆயர் அவர்கள் வருகிறார்கள்; அன்று தட்டுத் தடுமாறிப் பாடுவதைவிட நல்ல ஒலிப்பதிவுகளைத் தேர்ந்தெடுத்து ஒலிபெருக்கியில் போட்டுவிட்டால் என்ன என்பதே அது. சொன்னவர் பங்கின்மேல் அக்கறை கொண்டவர்; கேலிக்காகச் சொல்லவில்லை. பாதிப்பேர் தலையசைத்ததையும் கண்டோம், பாடற்குழுவினரின் முகம் வாடியதையும் கண்டோம். செசிலியம்மாள் திருநாளன்று பதில் சொல்வோம் என்று கூறிவிட்டு எழுந்தோம். அந்தப் பதிலைச் சொல்ல இங்கிலாந்து நாட்டுக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. சற்றுப் பொறுமையோடு கேளுங்கள்.

குருமடத்தில் நாங்கள் படித்த நாட்களில், இசை கற்பித்த தந்தை ஒருவர் ஒரு மாலை எங்களை உட்காரவைத்து ஒலிநாடா ஒன்றைப் போட்டார். இலத்தீன் மொழியில் ஒரு திருப்பலிப் பாடல். ஆர்கன் இல்லை, வேறு கருவி எதுவும் இல்லை. மனிதக் குரல்கள் மட்டும். நான்கே குரல்கள் என்று அவர் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை, நாற்பது குரல்கள் போல் எங்களுக்குத் தோன்றியது. இதை எழுதியவர் பெயர் வில்லியம் பேர்டு. எழுதிய காலத்தில் இதைப் பாடினால் சிறை என்று சொன்னார். அந்த ஒரு வாக்கியம்தான் எங்கள் மனத்தில் தங்கிற்று. பாட்டுக்குச் சிறையா?

ஆம், சிறைதான். 1559-ஆம் ஆண்டு எலிசபெத் அரசியின் ஆட்சியில் இங்கிலாந்தில் இலத்தீன் திருப்பலி சட்டப்படி நின்று போயிற்று. ஆங்கிலத் திருச்சபையின் கோவிலுக்கு வராதவர்களுக்கு ஞாயிறு தோறும் 12 பென்ஸ் தண்டம் விதித்தார்கள். 1581-இல் அதை மாதம் 20 பவுனாக உயர்த்தினார்கள். நடுத்தரக் குடும்பம் ஒன்றை நடுத்தெருவில் நிறுத்தப் போதுமான தொகை. திருப்பலியில் பங்குபெற்றவனுக்குத் தண்டத்தோடு ஓராண்டுச் சிறை. 1585-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்றுத் திரும்பிய குரு அந்த மண்ணில் காலை வைப்பதே இராசத் துரோகம். அவருக்கு இடம் கொடுத்தவர்களுக்கும் மரண தண்டனை.

பேர்டு சுமார் 1540-இல் பிறந்தவர். 1563-இல் லிங்கன் பேராலயத்தில் ஆர்கன் வாசிப்பவராக அமர்ந்தார். 1572-இல் அரசியின் சொந்த ஆலயப் பாடகர் குழுவில் இடம் கிடைத்தது. அங்கே அவருக்கு மூத்தவர் தாமஸ் டாலிஸ். எட்டாம் ஹென்றி, ஆறாம் எட்வர்டு, மேரி, எலிசபெத் ஆகிய நான்கு ஆட்சியிலும் பாடியவர். நாற்பது தனித்தனிக் குரல்களுக்கு ஒரே பாடலை எழுதிய பெரும் மேதை அவர். இவ்விருவருக்கும் 1575-இல் அரசி ஓர் உரிமைப் பட்டயம் அளித்தார்: 21 ஆண்டுகளுக்கு இங்கிலாந்தில் இசை அச்சிடும் உரிமை இவர்களுக்கு மட்டுமே. நன்றி செலுத்த இருவரும் ஆளுக்குப் பதினேழு பாடல்களாக முப்பத்து நான்கு இலத்தீன் பாடல்கள் கொண்ட நூலை வெளியிட்டார்கள். அது அரசியின் பதினேழாம் ஆட்சியாண்டு. நூல் விலை போகவில்லை என்பது வேறு கதை.

இங்கேதான் நம் மனம் சற்றுத் திகைக்கிறது. அரண்மனைச் சம்பளம் வாங்கியவர் கத்தோலிக்கர். 1577 முதலே அவருடைய மனைவி கோவிலுக்கு வராதவர் பட்டியலில் இருக்கிறார். சில ஆண்டுகளில் பேர்டின் பெயரும் ஏறிவிட்டது. அதே கையால் ஆங்கிலத் திருச்சபை வழிபாட்டுக்கும் உயர்ந்த இசை எழுதினார். இரட்டை வேடம் என்று சொல்லிவிடலாமா? நாம் அப்படிச் சொல்லமாட்டோம். அரசிக்கு அவருடைய இசை வேண்டியிருந்தது. அவருக்கு உயிரோடிருந்து எழுதவேண்டியிருந்தது. மறைசாட்சிகள் ஒரு வழியில் திருச்சபையைக் காத்தார்கள், அவர் இன்னொரு வழியில் காத்தார். புனிதர் என்றும் அவரைச் சொல்லவில்லை. ஸ்டாண்டன் மாஸி என்ற ஊரில் அவர் குடியிருந்த வீடு ஒரு கத்தோலிக்கக் குடும்பத்திடமிருந்து அரசு பறிமுதல் செய்த சொத்து. அக்குடும்பத்து விதவை அதைத் திரும்பக் கேட்டு, சாகும்வரை அவரோடு வழக்காடினார். பேர்டு விட்டுக் கொடுக்கவில்லை. பங்குகளில் நில வழக்கு நமக்கும் புதிதல்லவே!

1581 டிசம்பர் முதல் தேதி சேசு சபைக் குரு எட்மண்ட் காம்பியன் இலண்டனில் தூக்கிலிடப்பட்டார். அதைக் கண்டு ஹென்றி வால்போல் என்ற இளைஞர் எழுதிய கவிதையை அச்சிட்டவருக்குத் தண்டனையாகக் காதுகள் அறுக்கப்பட்டன. அந்தக் கவிதைக்குத்தான் பேர்டு இசையமைத்தார். 1588-இல் தம் நூலில் வெளியிடவும் செய்தார், ஆபத்தான அடிகளை மட்டும் விலக்கிவிட்டு. வால்போல் பின்னர் தாமும் குருவாகி உயிர் கொடுத்தார். காம்பியனையும் வால்போலையும் ஆறாம் பவுல் திருத்தந்தை 1970-இல் நாற்பது மறைசாட்சிகளோடு புனிதர்களாக அறிவித்தார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பிராகா நகரில் பேரரசரின் அவையில் பிலிப் தெ மோந்தே என்ற இசையமைப்பாளர் இருந்தார். அவர் 1583-இல் பேர்டுக்கு எட்டுக் குரல்களில் ஒரு பாடலை அனுப்பினார்: பாபிலோன் ஆறுகளின் ஓரம் அமர்ந்து அழுத சிறைக் கைதிகளின் திருப்பாடல். மறுஆண்டு பேர்டும் எட்டுக் குரல்களில் பதில் அனுப்பினார். அதே திருப்பாடல்தான், ஆனால் அந்நிய மண்ணில் ஆண்டவரின் பாடலை எவ்வாறு பாடுவது என்று கைதிகள் கேட்கும் இடத்திலிருந்து தொடங்கினார். சொந்த நாட்டில் இருந்துகொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டார்.

1586-ஆம் ஆண்டு கோடையில், புதிதாக வந்து சேர்ந்த இரண்டு சேசு சபைக் குருக்களை, ஹென்றி கார்னெட், ராபர்ட் சவுத்வெல் ஆகியோரை, ஒரு நாட்டுப்புற மாளிகையில் இரகசியமாக வரவேற்றார்கள். ஏறக்குறைய எட்டு நாட்கள், கருவிகளோடும் குரல்களோடும் பாடற் பூசைகள் அங்கே நடந்தன. அங்கிருந்தவர்களில் பேர்டும் ஒருவர். அவர் எழுதிய மூன்று திருப்பலி இசைகளும் இத்தகைய வீடுகளுக்காகவே பிறந்தவை. பேராலயத்துக்கு எழுதப்பட்டவை அல்ல. எசெக்ஸ் பகுதியில் இங்கட்ஸ்டோன் மாளிகை இன்றும் இருக்கிறது; அது பேர்டை ஆதரித்த பீட்டர் பிரபு குடும்பத்தின் வீடு. சோதனைக்காரர்கள் வந்தால் குருவை ஒளித்து வைக்கச் சுவருக்குள் கட்டிய இரகசிய அறைகளை இன்றும் அங்கே காட்டுகிறார்கள். சுமார் 1593-இல் பேர்டு குடும்பத்தோடு அந்த வீட்டுக்கு அருகில் குடிபோனார்.

அந்த மூன்று திருப்பலிகளும் அச்சான விதத்தைக் கேளுங்கள். நான்கு குரல்களுக்கு ஒன்று, மூன்று குரல்களுக்கு ஒன்று, ஐந்து குரல்களுக்கு ஒன்று. முகப்புத் தாள் கிடையாது, அச்சிட்டவர் பெயர் கிடையாது, ஆண்டும் கிடையாது. அச்செழுத்துகளின் தேய்மானத்தையும் தாளையும் ஆராய்ந்து, 1592 முதல் 1595-க்குள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தவை என்று அறிஞர்கள் கண்டுபிடித்தது 1960-களில்தான்! அத்துடன், அக்காலத்தில் எல்லாக் குரல்களையும் ஒரே தாளில் சேர்த்து அச்சிடும் வழக்கம் இல்லை. குரலுக்கு ஒரு சிறு ஏடு. டெனர் பாடுபவன் கையில் டெனர் மட்டும். பாஸ் பாடுபவன் கையில் பாஸ் மட்டும். சட்டைக்குள் செருகிக்கொண்டு போகலாம். ஒருவன் பிடிபட்டாலும் அவன் கையில் இருப்பது பாட்டின் கால் பங்குதான். முழுப் பாட்டு எந்த ஒருவர் கையிலும் இல்லை. நால்வரும் கூடி வாய் திறந்தால்தான் அது உண்டு.

இப்போது அந்தப் பாட்டின் உள்ளே சற்று நுழைவோம். இங்கே பாடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், மற்றவர்கள் மன்னிக்கவேண்டும்.

இங்கிலாந்தில் மதமாற்றத்துக்கு முன்பிருந்த பழைய இசையமைப்பாளர்கள் ‘கீரியே’ பகுதிக்குப் பெரும்பாலும் குரலிசை எழுதுவதில்லை. பேர்டு எழுதினார், உரோமைத் திருச்சபை முழுவதும் பாடும் ஒழுங்கில் எழுதினார். எனினும் நான்கு குரல் திருப்பலியின் ‘சாங்க்துஸ்’ பகுதியைத் தொடங்கும்போது, மதமாற்றத்துக்கு முன் எழுதிய ஜான் டவர்னர் என்பவரின் திருப்பலி ஒன்றிலிருந்து தொடக்கத்தை எடுத்துக்கொண்டார். கத்தோலிக்க இங்கிலாந்து கடைசியாகப் பாடிய ஒலியை ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒரு பூட்டிய அறையில் திரும்ப எழுப்பினார் என்று நாம் எண்ணிப் பார்க்கிறோம். அங்கே கூடியிருந்த முதியவர் யாராவது அதைக் கேட்டு அடையாளம் கண்டிருப்பாரோ?

எல்லாவற்றுக்கும் மேலானது கடைசிப் பகுதி, ‘ஆஞ்ஞுஸ் தேயி’. நம் பங்கிலுள்ள மிகவும் மூத்தவர்கள் இலத்தீனில் பாடியிருப்பார்கள். நாம் இன்று தமிழில் பாடும் செம்மறிப் பாடல்தான். மூன்று முறை மன்றாடுகிறோம் அல்லவா? பேர்டு முதல் மன்றாட்டை இரண்டே குரல்களுக்குக் கொடுத்தார். இரண்டாவதை மூன்று குரல்களுக்கு. மூன்றாவதில்தான் நால்வரும் சேர்கிறார்கள். ஒரு குரல் தொடங்கிய மெட்டை அடுத்த குரல் பற்றிக்கொள்கிறது. அது முடிப்பதற்குள் மற்றொன்று. அமைதியை எங்களுக்குத் தாரும் என்று கேட்கும் அந்தச் சொற்களில் ஒரு வேலை செய்திருக்கிறார். ஒரு குரல் தன் சுரத்தை விடாமல் பிடித்து நிற்க, மற்றக் குரல்கள் நகர்ந்துவிடுகின்றன. அதனால் இரண்டு சுரங்கள் உராய்ந்து காதில் முள்ளாய்க் குத்துகின்றன. பிறகு பிடித்து நின்ற குரல் ஒரு படி இறங்க, முள் விலகுகிறது. விலகிய கணமே வேறொரு குரல் அதே போல் பிடித்து நிற்கிறது. இப்படியே குத்தலும் விலகலுமாக வந்து, கடைசியில்தான் நான்கு குரல்களும் ஓய்கின்றன. அமைதி வேண்டும் என்று கேட்டவர்கள் கதவுக்கு வெளியே குதிரைச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தவர்கள். அவர்களுக்கு இனிய தாலாட்டு எழுதுவது பொய்யாகியிருக்கும்.

1605-இலும் 1607-இலும் ஆண்டு முழுவதற்குமான திருநாட் பாடல்களை இரண்டு நூல்களாகப் பேர்டு வெளியிட்டார். மொத்தம் 109 உருப்படிகள். நற்கருணையை வாழ்த்தும் ‘ஆவே வேரும் கோர்ப்புஸ்’ அந்த முதல் நூலில் உள்ளது. அதே 1605 நவம்பரில் பாராளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கும் சதி வெளியாயிற்று. கத்தோலிக்கர் என்றாலே சந்தேகம். பேர்டின் அந்த நூலைக் கையில் வைத்திருந்த குற்றத்துக்காகப் பிரெஞ்சு நாட்டவர் ஒருவர் நியூகேட் சிறையில் அடைபட்டார். பேர்டோ 1623 ஜூலை 4 அன்று முதுமையில் இறந்தார்.

பின்னர் அந்த இசை உறங்கிற்று. 1841-இல் ஐந்து குரல் திருப்பலியை ஒரு பழம்பொருள் சங்கத்தார் மீண்டும் அச்சிட்டார்கள், அலமாரிக்குத்தான் போயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டவுன்சைட் என்னும் ஆசீர்வாதப்பர் சபை மடத்துப் பள்ளியில் ரிச்சர்டு டெர்ரி என்ற இசை ஆசிரியர் இந்தப் பழைய ஏடுகளைத் தேடி எடுத்து மாணவர்களைப் பாடவைத்தார். 1901-இல் அவர் வெஸ்ட்மின்ஸ்டர் கத்தோலிக்கப் பேராலயத்துக்கு இசைத் தலைவரானார். 1924 வரை அங்கே பேர்டும் டாலிசும் திரும்பவும் பீடத்துக்கு முன் ஒலித்தார்கள்.

ஒலிப்பதிவு இதற்குப் பின் வருகிறது. அதன் நன்மையை நாம் மறைக்கப்போவதில்லை. பழைய கிராமபோன் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிடமே அடங்கும். இந்தத் திருப்பலியின் விசுவாசப் பிரமாணம் மட்டும் ஏழெட்டு நிமிடம். நடுவில் நிறுத்தித் தட்டைப் புரட்டவேண்டும். நெடுநேரத் தட்டு வந்தபிறகுதான் முழுத் திருப்பலியும் தடையின்றிக் கேட்க முடிந்தது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிப் பாடகர்கள் டேவிட் வில்காக்ஸ் தலைமையில் 1959-இலும் 1963-இலும் பேர்டின் மூன்று திருப்பலிகளையும் பதிவு செய்தார்கள். சிறுவர் குரல்கள், உயர்ந்த கல் கூரை, ஒலி மேலே போய் மெல்லத் திரும்பி வரும். அழகுதான். ஆனால் அது மறைந்து பாடியவர்களின் ஒலி அல்ல. மாளிகை அறைக்கு எழுதியதைப் பெரிய ஆங்கிலக் கல்லூரி ஆலயத்தில், அதுவும் ஆங்கிலத் திருச்சபையின் பாடகர்கள் பாடுகிறார்கள். எந்தச் சபை அதைத் தடை செய்ததோ அதன் பிள்ளைகளே அதை உலகுக்குக் கொடுத்தார்கள் என்பதை நன்றியோடு சொல்லவேண்டும்.

1973-இல் பீட்டர் பிலிப்ஸ் என்பவர் டாலிசின் பெயரால் ஒரு குழுவைத் தொடங்கினார். ஆண்களும் பெண்களுமான சிறு குழு. அவர்கள் 1984-இல் ஆக்ஸ்போர்டு மெர்ட்டன் கல்லூரி ஆலயத்தில் இதே மூன்றையும் பதிவு செய்தார்கள். குரல்கள் கண்ணாடி போல் தெளிவு. அதன்பின் ஆண்ட்ரூ கார்வுட் தலைமையில் ஒரு குழு பேர்டின் இலத்தீன் திருவழிபாட்டு இசை அனைத்தையும் 13 தட்டுகளில் பாடி முடித்தது. கடைசித் தட்டுக்கு 2010-இல் அந்த ஆண்டின் சிறந்த பதிவென்று ‘கிராமபோன்’ இதழின் விருது கிடைத்தது. அருண்டெல் கோட்டையைச் சேர்ந்த ஃபிட்சாலன் சிற்றாலயத்தில் அவர்கள் பதிவு செய்தார்கள். அந்த இடம் வினோதமானது. ஒரே கூரையின் கீழ் கிழக்குப் பகுதி கத்தோலிக்கரின் சிற்றாலயம்; மேற்குப் பகுதி ஆங்கிலத் திருச்சபையின் பங்குக் கோவில்.

இத்தனையையும் கேட்டு மகிழ்ந்தவர்கள் நாம். ஆயினும் அந்தத் தட்டுகள் உண்டாகும் முறையையும் சொல்லவேண்டும். ஒரு பகுதியை மூன்று முறை, நான்கு முறை பாடுவார்கள். ஒருவர் இருமினால் மறுபடி. ஆகாய விமானம் போனால் மறுபடி. பிறகு பிழையற்ற துண்டுகளைச் சேர்த்து ஒட்டுவார்கள். கீரியே முடிந்ததும் வானவர் கீதம், அது முடிந்ததும் விசுவாசப் பிரமாணம் என்று அரை மணி நேரத்துக்குள் எல்லாம் ஒன்றை அடுத்து ஒன்றாக ஓடிவிடும். நடுவில் நற்செய்தி இல்லை, காணிக்கை இல்லை, குரு அப்பத்தை உயர்த்தும் நேரத்து மௌனம் இல்லை. பேர்டு அந்த மௌனங்களுக்கு இடைப்பட்டு எழுதினார். குருவைக் காக்க வைக்காமல் சுருக்கமாகவும் எழுதினார்; காவலர் வருவதற்குள் முடியவேண்டுமே!

திருச்சபையின் சட்டமும் உண்டு. 1958 செப்டம்பர் 3 அன்று உரோமையில் வெளியான திருவழிபாட்டு இசை அறிவுரை, கிராமபோன், வானொலி, ஒலிப்பதிவுக் கருவி முதலியவற்றை வழிபாட்டுச் செயல்களில் பயன்படுத்துவதைத் தடுத்தது. நம் கண்ணுக்கு அது வெறும் தடையாகத் தெரிந்த காலமும் உண்டு. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பாடற்குழுக்களை வளர்க்கவேண்டும் என்றும், மக்கள் தங்களுக்குரிய பகுதியைத் தாங்களே பாடவேண்டும் என்றும் கற்பித்தது. ஒலிபெருக்கியில் பாடுகிறவர் நமக்காக நம் திருப்பலியைச் செபிக்கவில்லை. அவர் எங்கோ, என்றோ, பிழை திருத்தப்பட்ட ஒரு நாளில் பாடினார். குருவின் கை உயர்வதை அவர் பார்க்கமாட்டார். நற்கருணை வரிசை நீண்டால் அவருக்குத் தெரியாது.

ஆகவே விழாக்குழுவினருக்கு நம் பதில்: பொன்விழாத் திருப்பலியில் ஒலிப்பதிவு வேண்டாம். திருப்பலி முடிந்து அன்னதானப் பந்தியில் எந்தப் பாட்டை வேண்டுமானாலும் போடுங்கள், தடையில்லை. யோசனை சொன்ன சகோதரரிடம் முன்பே பேசிவிட்டோம். அவருக்கு நல்ல பாஸ் குரல் என்பது நமக்குத் தெரியும். ஞானஸ்நான வீட்டு விருந்துகளில் கேட்டிருக்கிறோம். அவரும் வர இசைந்துவிட்டார்.

பேர்டின் இசையை நாம் பாடப்போவதில்லை. அதற்கு நம்மிடம் பயிற்சி இல்லை. ஆனால் அவர் செய்த ஒழுங்கைக் கடன் வாங்குவோம். தமிழ்ச் செம்மறிப் பாடலின் முதல் மன்றாட்டை இரண்டு பேர் பாடுவார்கள். இரண்டாவதை மூன்று பேர். மூன்றாவதைப் பாடற்குழுவும் கோவிலில் உள்ள நீங்கள் அனைவரும். ஆளுக்கொரு தாள் எழுதித் தரப்படும். அதில் அவரவர் பகுதி மட்டுமே இருக்கும்; எனவே ஒருவர் வராவிட்டால் அந்தப் பகுதியை வேறு யாரும் பாட முடியாது. திருநாளுக்கு இன்னும் எட்டு ஞாயிறுகள் இருக்கின்றன. ஞாயிறு தோறும் இரண்டாம் திருப்பலி முடிந்ததும் பாட்டு மேடையில் பயிற்சி. மேடைப் படியில் மூன்றாவது பலகை ஆடுகிறது. ஏறும்போது பார்த்து ஏறுங்கள்.